சுடுநீர்க் குழாயை மாற்றுமுன் எந்த வால்வை அடைப்பது?

சுடுநீர்க் குழாய் (திறந்து மூடும் டாப்) ஒழுகத் தொடங்கியதும் பலரும் முதலில் ஓடுவது வாசலுக்கு, நீர்மானிக்குப் பக்கத்திலுள்ள வால்வை அடைக்க. கொழும்பு கொட்டாஞ்சேனையில் கூரைமேல் 1000 லீட்டர் தாங்கி வைத்திருக்கும் வீட்டில் அதனால் ஒரு பயனும் இல்லை. நீர்வழங்கல் சபையின் தண்ணீர் தாங்கியோடு நின்றுவிடும்; கீசருக்கு (மின் நீர்ச்சூடாக்கிக்கு) இறங்குவது தாங்கித் தண்ணீர். வாசலை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினால் தாங்கி முழுவதும் குளியலறைக்குள் வந்து சேரும்.

மிஞ்சுபவை மூன்று: கைகழுவும் தொட்டிக்குக் கீழுள்ள ஆங்கிள் வால்வு, கீசருக்குள் குளிர்நீர் நுழையும் இடத்து வால்வு, தாங்கியடியிலுள்ள கேட் வால்வு.

ஆங்கிள் வால்வு இருந்து, அது முழுமையாக அடைபட்டால் பேச்சே இல்லை. ஆனால் சூடும் குளிரும் கலந்து தரும், சுவரில் பதித்த ஷவர் மிக்சருக்கு அது பெரும்பாலும் இருக்காது.

நான் அடுத்ததாக நம்புவது கீசர் வால்வை. சூடான தண்ணீர் போகும் பக்கத்தை அடைக்காமல் குளிர்நீர் வரும் பக்கத்தை அடைப்பது பலருக்கு விசித்திரமாகத் தெரியும். சேமிப்புக் கீசருக்குள் சுடுநீரை எடுக்கும் குழாயின் வாய் உச்சியில் இருக்கிறது. கீழிருந்து குளிர்நீர் தள்ளினால்தான் அது வெளியே வரும். தள்ளுவதை நிறுத்தினால் போதும், கீசரை வடிக்கத் தேவையில்லை. மின் ஆளியை மட்டும் முந்திய இரவே அணைத்துவிடுங்கள். காலைக் குளியலிலேயே சூடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். 60 பாகை செல்சியஸ் தண்ணீர் தோலைப் புண்ணாக்கச் சில நொடிகள் போதும்.

இந்த வழியில் ஒரு கள்ளம் உண்டு. கீசரை அடைத்த பிறகும் சுடுநீர்க் குழாயைக் கழற்றிய இடத்திலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்தால், அதைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் வால்வைத் திட்டுவதில் பொருளில்லை. வீட்டில் வேறொரு மிக்சரின் இரண்டு கைப்பிடிகளும் திறந்திருக்கின்றன. அதன் முனையில் கைஷவரின் விசை மட்டும் மூடியிருக்கிறது. குளிர்நீர் அந்த மிக்சருக்குள் நுழைந்து, சுவருக்குள்ளிருக்கும் சுடுநீர்ப் பாதை வழியே பின்பக்கமாக உங்களிடம் வருகிறது. கைஷவரை விசையால் மட்டும் நிறுத்திவிட்டுப் போகும் பழக்கமுள்ள வீடுகளில் இது சாதாரணம். எல்லா மிக்சர்களையும் கைப்பிடியிலேயே மூடினால் நின்றுவிடும்.

தாங்கி வால்வுக்கு இந்தக் குழப்பம் இல்லை. சூடு, குளிர் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. மிக்சர் முழுவதையும் மாற்றுவதென்றால் இதுவே நல்லது. விலை என்னவென்றால், வேலை முடியும்வரை சமையலறையிலும் கழிப்பறையிலும் தண்ணீர் இருக்காது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத கேட் வால்வு வேறு இறுகிப்போயிருக்கும். பலமாகத் திருகினால் தண்டு முறிந்து, சிறிய வேலை பெரிய வேலையாகும். அழுத்தப் பம்பு இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், இல்லையேல் தண்ணீரின்றி ஓடிப் பழுதாகும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் தாங்கி பொதுவானது; அங்கே உங்கள் வீட்டுக்கான கிளை வால்வைத் தேட வேண்டும், அது பூட்டிய அறைக்குள் இருந்தால் காவலாளியிடம் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.

கூரையில் கண்ணாடிக் குழாய்களுடன் சூரிய நீர்ச்சூடாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கீசர் கணக்கு பொருந்தாது. அழுத்தமில்லாத வகையில் தொட்டிக்குக் காற்றுத் துளை உண்டு. குளிர்நீரை நிறுத்தினாலும் உள்ளே இருப்பது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குச் சுடுநீர் வெளியேறும் பக்கத்தையே அடைக்க வேண்டும். தொட்டி வெறுமையாகிவிட்டால் உச்சிவெயிலில் மறுபடி நிரப்பக் கூடாது. காய்ந்த கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் வெடிக்கும்.

குழாய் மாற்றும் அதே நாளில் சுடுநீர்க் கிளைக்கு கால்வட்டம் திருப்பினாலே அடைபடும் ஒரு பித்தளை வால்வையும் போட்டுவிடச் சொல்வேன். பழைய சோனகத் தெருவில் கடை கடையாகக் கிடைக்கும். கீசரின் குளிர்நீர்ப் பக்கத்தில் போடுவதென்றால் அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வுக்கு முன்னால்தான். அதற்கும் கீசருக்கும் நடுவே எதையும் போடக் கூடாது, சூட்டில் விரியும் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை. வாடகை வீடென்றால், சுவரில் உளி வைக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.