1913, பகுதி சபை, சங்கம், நமக்கு நாமே: சென்னையில் எந்தக் கதவை எதற்குத் தட்டுவது?

தெருவில் சாக்கடை பொங்கினால் சென்னைவாசி முதலில் செய்வது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. நாற்பது பேர் கோபமுகம் காட்டுவார்கள். மாநகராட்சிக்கு ஒரு எழுத்தும் போய்ச் சேராது. ஊர்க் காரியத்தில் இறங்க நினைப்பவர்களுக்கு வழிகள் நிறையவே இருக்கின்றன. ஒரு வழியில் முடிய வேண்டிய வேலையை இன்னொரு வழியில் தள்ளிப் பார்த்துச் சலித்துப்போகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு வழியும் உங்களிடம் கேட்பது நேரமா, பணமா, பிடிவாதமா? பாதியில் விட்டால் என்ன மிஞ்சும்? இந்த இரண்டு கேள்விகளோடுதான் இங்கே ஒவ்வொன்றையும் பார்க்கிறோம்.

1913-க்குப் புகார்: சின்ன வேலை, சீக்கிரம்

எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, உடைந்த மழைநீர் வடிகால் மூடி ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913 உதவி எண் அல்லது நம்ம சென்னை செயலி போதும். ஐந்து நிமிட வேலை. ஆனால் புகாரை எழுதும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

"எங்கள் தெருவில் லைட் எரியவில்லை" என்று எழுதினால் ஊழியர் பகலில் வந்து, எந்தக் கம்பம் என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவார். கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எண் அழிந்திருந்தால் எதிரே உள்ள வீட்டின் கதவு எண்ணைப் போடுங்கள். ஒரு புகாரில் ஒரே குறைதான் இருக்க வேண்டும். லைட், குப்பை, நாய் மூன்றையும் ஒன்றாக எழுதினால் ஒன்றை முடித்துவிட்டு மொத்தத்தையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுவார்கள்.

அடுத்த தவறு, துறை மாறிப் போவது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் குடிநீர் வாரியத்தினுடையவை (1916 அல்லது 044-45674567). மின்வெட்டும் அறுந்து தொங்கும் மின்கம்பியும் மின்வாரியத்தின் மின்னகத்துக்குப் போக வேண்டும் (94987 94987). தெருவில் நிற்கும் தண்ணீர் எது என்று மூக்கே சொல்லிவிடும். மழை இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் கருப்பாக ஓடுகிறதென்றால் யாரோ கழிவுநீர் இணைப்பை அதில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அதற்கு இரண்டு இடத்திலும் புகார் தர வேண்டும். ஒரே இடத்தில் தந்தால் "எங்களுடையது அல்ல" என்ற பதில் நிச்சயம்.

புகார் எண் வந்தவுடன் தேதியோடு குறித்து வையுங்கள். இதே எண்தான் பிறகு பகுதி சபையில் உங்கள் ஆயுதம்.

இந்த வழியின் எல்லையும் தெளிவானது. இருப்பது கெட்டால் சரிசெய்வார்கள். இல்லாததைப் புதிதாகப் போடமாட்டார்கள். வடிகாலே இல்லாத தெருவுக்கு வடிகால் கேட்டு 1913-ஐ நூறு முறை அழைத்தாலும் பயன் இல்லை. அது நிதி ஒதுக்கீட்டுக் கேள்வி.

பகுதி சபை: பலருக்குத் தெரியாத, சம்பளக்காரருக்குத் தோதான வழி

கிராமத்துக்குக் கிராம சபை உண்டு, நகரத்துக்கு என்ன என்ற கேள்வி நெடுநாளாக இருந்தது. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொல்லி 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரையும் உறுப்பினராக வைத்த அமைப்பு இது. கவுன்சிலரும் வார்டைப் பார்க்கும் அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய இடம் நகரத்தில் இது ஒன்றுதான்.

பகுதிப் பிரதிநிதி தேர்தலில் வருபவர் அல்லர், நியமனம்தான். கவுன்சிலரின் ஆட்களே நிரம்பியிருப்பதாகக் குறை சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் கூட்டத்துக்கு வந்து பேசுவதற்கு நியமனம் தேவையில்லை, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வீடு மாறிய வாடகைதாரர்கள் தடுமாறுவது இங்கேதான். பழைய முகவரியிலேயே ஓட்டு இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

கூட்டம் எப்போது என்பதை அறிவதே முதல் வேலை. அறிவிப்பு வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு, தெருவுக்குத் தெரியாமலே கூட்டம் முடிந்துவிடுவது சகஜம். வார்டு அலுவலகத்தில் ஜே.இ.யின் (இளநிலைப் பொறியாளர்) எண்ணையும் கவுன்சிலர் அலுவலக எண்ணையும் வாங்கி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கேளுங்கள்.

பேசுவது ஒரு பங்கு என்றால் எழுதிக் கொடுப்பது மூன்று பங்கு. "வடிகால் சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்ற மனு எங்கேயும் போகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கதவு எண் 14 முதல் 32 வரை உள்ள பகுதியில் மழைநீர் வடிகாலின் மூன்று வண்டல் தொட்டிகள் மண் அடைத்துக் கிடக்கின்றன. இரண்டு மூடிகள் உடைந்துள்ளன. 1913 புகார் எண்கள் இணைப்பில். வண்டல் அகற்றி, மூடி மாற்ற எஸ்டிமேட் தயாரிக்கும்படி தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறோம்." கீழே பத்துப் பதினைந்து கையெழுத்து, கதவு எண்ணோடு. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொண்டு, மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஏறாத கோரிக்கை, கேட்காத கோரிக்கைக்குச் சமம்.

மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். பணம் தேவைப்படும் எதையும் அதற்கு முந்தைய கூட்டத்தில் வைத்தால்தான் மதிப்பு. ஏப்ரலில் புது வடிகால் கேட்பவர் அடுத்த ஆண்டுக்கு வரிசையில் நிற்கிறார்.

மூன்று மாதம் கழித்தும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். "இந்தத் தேதியில் நடந்த பகுதி சபையின் தீர்மான நகல், அதன் மீது தயாரான எஸ்டிமேட்டின் நகல்" என்று கேளுங்கள். ஆவணத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்வதற்கும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும்.

கவுன்சிலர்களின் மன்றம் இல்லாவிட்டால் பகுதி சபையும் இல்லை என்பதுதான் இதன் பெரிய பலவீனம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2022 தொடக்கம் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லை, தனி அலுவலர்தான். அப்படிப்பட்ட காலத்தில் கைகொடுப்பது சங்கம்.

குடியிருப்போர் நலச் சங்கமா, தனி ஆளா?

தனி ஆள் எழுதும் கடிதமும் லெட்டர்பேடில் வரும் கடிதமும் மண்டல அலுவலகத்தில் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். சங்க விதிகள், உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பதிவு செய்வதைவிட உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். ஆண்டுப் பொதுக்குழு, வரவு செலவு தணிக்கை, நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிப்பது என மூன்றையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டால் வங்கி கையெழுத்தை மாற்றாது, பதிவாளர் அபராதம் கேட்பார், பழைய செயலாளர் வெளிநாட்டில் மகன் வீட்டில் இருப்பார். பதிவுச் சான்று மட்டும் பீரோவில் இருக்கும். கணக்கு எழுத ஆர்வமுள்ள ஓய்வு பெற்றவர் ஒருவராவது தெருவில் இல்லையென்றால் பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம். பதிவில்லாத தெருக்குழுவே பகுதி சபைக்கு மனு கொடுக்கப் போதும்.

நமக்கு நாமே: பணம் போட்டுச் செய்வது

1990-களின் கடைசியில் வந்து, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22-ல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் வந்த திட்டம் இது. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பூங்கா, விளையாட்டுத் திடல், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம், நீர்நிலைச் சீரமைப்பு போன்றவற்றுக்கு இதில் கேட்கலாம்.

காகிதத்தில் மிக அழகான ஏற்பாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்டிமேட் 9 லட்சம் என்றால் மக்கள் பங்கு 3 லட்சம். தெருவில் 60 வீடு இருந்தால் வீட்டுக்கு 5,000. இருபது வீட்டுக்காரர்கள் "நான் வாடகைதான்", "ஓனர் பெங்களூரில் இருக்கிறார்" என்று ஒதுங்கினால் மீதி நாற்பது வீட்டுக்கு 7,500. அங்கேதான் முதல் சண்டை.

இடம் யாருடையது என்பது அடுத்த சிக்கல். லேஅவுட்டில் பூங்காவுக்கென்று காட்டிய ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் தானப் பத்திரம் மூலம் மாநகராட்சிக்குப் போயிருக்க வேண்டும். பல பழைய லேஅவுட்களில் வரைபடத்தில் பச்சை நிறம் மட்டும் இருக்கும், பத்திரம் இருக்காது. வசூலிக்கும் முன் இதைப் பாருங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கும் முன் ஒரு ரூபாயும் வசூலிக்காதீர்கள். தோராயமாக வசூலித்து, எஸ்டிமேட் ஏறிவிட்டால் இரண்டாம் முறை கதவைத் தட்ட முடியாது. பணம் சங்கக் கணக்குக்கே வர வேண்டும். தனி ஆளின் கணக்கிலோ யு.பி.ஐ.யிலோ வாங்கினால் அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் பேச்சு வரும்.

ஒரு வருடமாவது சங்கத்தைச் சண்டையில்லாமல் நடத்திய தெருவுக்குத்தான் இது ஏற்றது. ஒன்றுகூடுவதற்கான முதல் முயற்சியாக இதைத் தொடங்கினால் பூங்காவும் வராது, பக்கத்து வீட்டுப் பேச்சும் போய்விடும்.

கையால் செய்வது: மரக்கன்றா, உரத் தொட்டியா?

கூட்டம், மனு எதுவும் ஒத்துவராதவர்களுக்கு இந்த இரண்டும் இருக்கின்றன. மரம் நடுவதில் போட்டோ உண்டு, உரத் தொட்டியில் இல்லை. பலன் என்று பார்த்தால் தொட்டியே ஜெயிக்கும் என்பது எங்கள் எண்ணம்.

கன்று நடுவது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது இரண்டு கோடை. ஆறடி உயரக் கன்று, மூன்றடி ஆழக் குழி, கூண்டு, சித்திரையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வாளித் தண்ணீர். இந்தத் தண்ணீரை எந்த வீடு ஊற்றும் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யாமல் நட்டால் மே மாதத்தில் வெறும் கூண்டு நிற்கும். மின்கம்பிக்கு அடியில் நடாதீர்கள், வளர்ந்ததும் மின்வாரியம் மொட்டையடிக்கும். நடைபாதைக்கு சிமெண்ட் போடும்போது அடிமரம் வரை பூசிவிடாமல் ஒப்பந்ததாரரிடம் சொல்லி நிறுத்துங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்துப் போட்ட மரங்களை நினைத்துக்கொண்டு வேம்பு, புங்கன், மகிழம், பூவரசு பக்கம் போவது நல்லது. நடும் காலம் ஆடி முடிந்து ஐப்பசி மழைக்கு முன்.

உரத் தொட்டிக்கு 20 லிட்டர் பக்கெட் இரண்டு, சுற்றிலும் துளை, அடியில் ஒரு அங்குலத்துக்குக் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. நாலு பேர் வீட்டின் காய்கறித் தோலை அன்றன்று போட்டு, அதே அளவு அல்லது சற்றுக் கூடுதலாகக் காய்ந்த இலையால் மூடுங்கள். ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோர் தெளித்தால் மக்குவது தொடங்கும். ஒன்று நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சுமார் இரண்டு மாதத்தில் முதல் பக்கெட்டில் மண்வாசனை வரும். நாற்றம் அடித்தால் காரணம் ஈரம்தான்: சாம்பார் சாதத்தைக் கொட்டியிருப்பார்கள். காய்ந்த இலையைக் கூட்டி, கிளறிவிட்டால் இரண்டு நாளில் சரியாகும். புழுக்களைக் கண்டு பயந்து தூக்கிப் போட வேண்டாம், அவையும் மக்கவைக்கும் கூட்டம்தான்.

கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போகும் குப்பையில் இத்தனை குறைகிறது என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், ஈரக் குப்பை வீட்டிலேயே நின்றுவிட்டால் உலர் குப்பை வாரம் ஒருமுறை போனால் போதும். பிரித்துக் கொடுத்ததை வண்டியில் கலந்துவிடுகிறார்கள் என்று கோபப்படுபவர்கள் தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடாமல், அந்த வார்டின் துப்புரவுப் பணியை மேற்பார்க்கும் கன்சர்வன்சி இன்ஸ்பெக்டரிடம் வண்டி எண்ணோடும் நேரத்தோடும் சொல்லுங்கள். வண்டியில் தடுப்பு இல்லாததற்கு அதைத் தள்ளி வருபவர் பொறுப்பல்ல.

பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்கவைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, மொத்தத்தில் பாதி பெண்களுக்கு என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கழிப்பறைத் தண்ணீர் முதல் சுற்றுச்சுவர் வரை அங்கே பேசலாம்.

ஒரு தெரு, ஒரு வெள்ளம், எந்த வரிசை?

ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெரு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நிற்கும்போதே 1913-க்குப் புகார், எந்த வீட்டு வாசல்படி வரை ஏறியது என்று சுண்ணாம்பால் கோடு, அதற்கு ஒரு போட்டோ. தை மாதத்துக்குள் கையெழுத்து வாங்கி, பட்ஜெட்டுக்கு முந்தைய பகுதி சபையில் மனு. சித்திரையில் எஸ்டிமேட் ஆனதா என்று ஜே.இ.யிடம் விசாரணை, இல்லையென்றால் ஆர்.டி.ஐ. ஆடியில் வண்டல் தொட்டி மூடிகளைத் திறந்து தூர்வாரும்போது தெருவில் இரண்டு பேர் நின்று பார்ப்பது. அள்ளிய மண்ணைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் திரும்ப உள்ளே போய்விடும், அன்றே வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். செப்டம்பர் கடைசியோடு சாலையை வெட்டும் வேலைகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் முடியாவிட்டால் அந்த வருடத்துக்கு மோட்டார் பம்பு எந்த மண்டல அலுவலகத்திலிருந்து வரும் என்று கேட்டு எண்ணை எழுதி வைத்துக்கொள்வதுதான் மிச்சம்.