டபுள் எட்ஜ் சவரம்: எந்த ரேசருக்கு எந்த பிளேடு?

டபுள் எட்ஜ், அதாவது இரண்டு ஓரமும் கூரான மெல்லிய பிளேடுகளில் நல்லது எது என்று யாராவது கேட்டால், எந்த ரேசரில் போடப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். ஜப்பானிய ஃபெதர் பிளேடு ஒரு ரேசரில் கன்னத்தில் ஓடியதே தெரியாமல் வேலையை முடித்துவிடும். இன்னொரு ரேசரில் அதே பிளேடு கழுத்தெல்லாம் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசிய வைக்கும். பிளேடுகளை மட்டும் தனியாக எடுத்து முதலிடம், இரண்டாமிடம் என்று அடுக்கும் பட்டியல்கள் அதனால்தான் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. ரேசரும் பிளேடும் ஜோடி. ஒப்பிடுவதானால் ஜோடியாகத்தான் ஒப்பிட வேண்டும்.

பிளேடுகள் பதித்த தலையையே மொத்தமாக மாற்றும் கார்ட்ரிட்ஜா, டபுள் எட்ஜா என்ற பழைய சண்டையை முதலில் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். ஜில்லெட் 1971இல் இரண்டு பிளேடு, 1998இல் மாக் 3 என்று மூன்று, 2006இல் ஃப்யூஷன் என்று ஐந்து என ஏற்றிக்கொண்டே போனதற்குப் பின்னால் ஓர் உத்தி உண்டு. முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்தது வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் கன்னம் வழுவழுவென்று இருக்கும். நேராக வளரும் முடிக்கு இதில் குறையே இல்லை. சுருண்டு வளரும் முடியாக இருந்தால் அந்த முனை தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, தாடைக்குக் கீழே சிவந்த பருக்களாகக் கிளம்பும். டபுள் எட்ஜில் ஒரு நேரத்தில் ஒரு விளிம்பு மட்டுமே தோலில் பட்டு, முடியைத் தோல் மட்டத்தோடு வெட்டிவிட்டு நகர்வதால் அந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது.

செலவில் போட்டியே இல்லை. மாக் 3 கார்ட்ரிட்ஜ் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டுகிறது. அந்தக் காசுக்கு வாங்கும் இந்திய டபுள் எட்ஜ் பிளேடுகள் மாதக்கணக்கில் வரும். ஜில்லெட்டே 2010இல் இந்தியச் சந்தைக்கென்று 'கார்ட்' ரேசரைக் கொண்டுவந்தபோது அதில் வைத்தது ஒற்றை பிளேடுதான்: ரேசர் 15 ரூபாய், மாற்று கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். இருந்தாலும் கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தலை தானாகச் சாய்ந்து கொடுப்பதால் கை கொஞ்சம் பிசகினாலும் தாங்கிக்கொள்ளும். டபுள் எட்ஜில் கோணம் முழுக்க உங்கள் பொறுப்பு. காலையில் ஐந்து நிமிடம்கூட ஒதுக்க முடியாதவர் கார்ட்ரிட்ஜிலேயே இருப்பது நல்லது.

முதலில் ரேசர்

எந்தக் கம்பெனி பிளேடும் எந்தக் கம்பெனி ரேசரிலும் உட்காரும் என்பதுதான் டபுள் எட்ஜின் பெரிய வசதி. கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1904இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை 1921இல் காலாவதியாக, ஆளாளுக்கு அதே அச்சில் பிளேடு அடிக்கத் தொடங்கினார்கள். இன்று எந்த பிளேடை எடுத்தாலும் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன், 22 மில்லிமீட்டர் அகலம். ஆக, பிளேடு எவ்வளவு வளைகிறது, விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கும் கீழே உள்ள காப்புப் பட்டைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் தீர்மானிப்பது ரேசரின் தலைதான். இடைவெளியும் நீட்டலும் குறைவென்றால் சாதுவான ரேசர், கூடினால் முரட்டு ரேசர்.

சாது வகையில் இங்கிலாந்தின் எட்வின் ஜாக்கர் டிஇ89, ஜெர்மனியின் மூலே ஆர்89 இரண்டையும் நெடுங்காலமாக ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். இரண்டுக்கும் தலை ஒன்றுதான். கைப்பிடி மட்டும்தான் வேறு. எனவே எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஸோலிங்கன் நகரத்து மெர்க்குர் 34சி கைப்பிடி குட்டை, எடை கூடுதல். அந்த எடையே வெட்டிவிடுவதால் கை அழுத்த வேண்டிய தேவை வராது. புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மறுகோடியில் இருப்பது மூலேயின் ஆர்41. சீப்புப் பல் போன்ற திறந்த காப்பு, அகன்ற இடைவெளி. நாலு நாள் தாடியை ஒரே இழுப்பில் வழித்துவிடும். தினமும் சவரம் செய்பவருக்கு அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தியாவில் செய்யப்படும் பார்க்கர் ரேசர்களில் சாதுவும் உண்டு, முரடும் உண்டு. மாடலைப் பார்த்து வாங்க வேண்டும்.

கைப்பிடியின் அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கும் பட்டர்ஃபிளை ரேசருக்கும், மூன்று துண்டாகக் கழன்று வரும் ரேசருக்கும் இடையில் எதை எடுப்பது? பிளேடு மாற்றச் சுலபம் முதலாவதுதான். ஆனால் சென்னையைப் போல உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் ஊர்களில் சோப்பும் சுண்ணாம்புப் படிவும் அந்தக் கீல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பழைய பல் பிரஷ்ஷும் கொஞ்சம் வினிகருமாக மல்லுக்கட்ட வேண்டும். மூன்று துண்டு ரேசரைக் கழற்றிக் குழாயில் காட்டினால் போதும். நம் தண்ணீருக்கு அதுவே சரி. அதே தண்ணீரில் நுரையும் சரியாக எழாது. சவரத்துக்கு மட்டும் ஒரு கோப்பை கேன் தண்ணீர் எடுத்துக்கொண்டால் எந்த க்ரீமும் கெட்டியாக நுரைக்கும். பிளேடைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிடுவது நியாயம்.

கூர்மை ஒன்று, மென்மை வேறொன்று

பிளேடுகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். கூர்மை என்பது முடியை எவ்வளவு சிரமமின்றி வெட்டுகிறது என்பது. மென்மை என்பது வெட்டிக்கொண்டு போகும்போது தோல் அதை எப்படி உணர்கிறது என்பது. இரண்டாவது பெரும்பாலும் பூச்சைப் பொறுத்தது. குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு விளிம்பின் மேல் குரோமியமோ பிளாட்டினம் கலந்த உலோகமோ மெல்லிய படலமாக ஏற்றி, அதற்கு மேல் டெஃப்லான் வகைப் பூச்சு கொடுக்கிறார்கள். அட்டையில் பிளாட்டினம் என்று போட்டிருப்பதெல்லாம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத படலத்தைத்தான்.

பூச்சின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய கார்பன் எஃகு பிளேடுகளைப் பார்க்க வேண்டும். சவரம் முடித்துத் துடைத்து வைக்காவிட்டால் இரண்டாம் நாளே துரு. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வார்ட் நிறுவனம் ஸ்டெயின்லெஸ் பிளேடோடு களமிறங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. லாகூரின் ட்ரீட் நிறுவனம் கார்பன் எஃகு பிளேடை அதற்குப் பின்னும் நெடுங்காலம் அடித்து வந்தது. அதற்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் அந்த ஆசைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இப்போது போட்டியாளர்கள். கூர்மையில் முதலிடம் ஃபெதருக்கு. அதில் பெரிய தகராறு கிடையாது. கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஸெகி ஊரில் பிறந்தது. கம்பி போன்ற அடர்ந்த தாடிக்கு அதன் ஈடு வேறில்லை. கோணம் பிசகினால் தோலையும் அதே சுத்தத்தோடு வெட்டும். அஸ்ட்ரா சுப்பீரியர் பிளாட்டினம் பச்சை அட்டையில் வருவது. நெடுங்காலம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜில்லெட் தயாரித்தது. கூர்மையில் ஃபெதருக்கு ஒரு படி கீழே, மென்மையில் ஒரு படி மேலே. பெரும்பாலான முகங்களுக்கு ஒத்துப்போவதால்தான் புதியவர்களுக்கு முதலில் இதைப் பரிந்துரைக்கிறார்கள். துருக்கியின் டெர்பி எக்ஸ்ட்ரா மென்மைக்குப் பேர் வாங்கியது, கூர்மைக்கு அல்ல. மெல்லிய தாடிக்கு அருமையாக ஓடும். முரட்டுத் தாடியில் வெட்டுவதற்குப் பதில் பிடித்து இழுக்கும், இழுக்கும்போது கை தானாக அழுத்தும், அழுத்தினால் எரிச்சல். மழுங்கிய பிளேடு பாதுகாப்பானது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

நம் பெட்டிக்கடையில் தொங்குபவற்றைப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. டோபாஸ், லேசர், சூப்பர்மேக்ஸ் எல்லாம் மல்ஹோத்ரா குடும்பத்தார் வளர்த்த பெயர்கள். விலை மிகக் குறைவு. நடுத்தரக் கூர்மை, நடுத்தர மென்மை. ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்த பாக்கெட்டுக்கும் தரம் ஏறி இறங்கும் என்பதுதான் இந்த விலைப் பிரிவு பிளேடுகள் மீது பொதுவாகச் சொல்லப்படும் குறை. இவற்றுக்குச் சற்று மேலே ஜில்லெட்டின் செவன் ஓ கிளாக் சூப்பர் பிளாட்டினம், கறுப்பு அட்டை. என் கணக்கில் இந்த ஒப்பீட்டில் கொடுத்த காசுக்கு அதிகம் தருவது இதுதான். அஸ்ட்ராவை விடக் கொஞ்சம் கூராக, ஃபெதரின் ஆவேசம் இல்லாமல் நடுவில் நிற்கிறது. அடர்த்தியான கறுப்புத் தாடி, வியர்வை, தினசரி சவரம் என்ற நம் நிலைமைக்குப் பொருத்தமான கூர்மை. இறக்குமதி பிளேடுக்காக இணையத்தில் காத்திருப்பவர்கள் பக்கத்துக் கடையில் இருப்பதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சலூன்காரர் கையிலும் இதே வகை பிளேடுதான். உறையோடு சேர்த்து நீளவாக்கில் பாதியாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் சொருகுவார். அந்தக் கத்தியில் காப்புப் பட்டையே கிடையாது. இருந்தும் வெட்டு விழுவது அபூர்வம். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்கிறது, மறு கை கோணத்தை மாறாமல் வைத்திருக்கிறது, கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் இல்லை. வீட்டு ரேசரில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

ஜோடி சேர்ப்பது

பொது விதி எளிது: சாதுவான ரேசருக்குக் கூரான பிளேடு, முரட்டு ரேசருக்கு மென்மையான பிளேடு. மெர்க்குர் 34சியில் ஃபெதர் நன்றாக ஒத்துப்போகும். ரேசர் பிளேடை இறுக்கிப் பிடித்து, கொஞ்சமே வெளியே விடுவதால் அதன் கூர்மை தொந்தரவாக இல்லாமல் உதவியாக இருக்கிறது. அதே ரேசரில் டெர்பி போட்டால், அடர்ந்த தாடிக்காரர் ஒரே இடத்தில் நாலைந்து முறை இழுக்க வேண்டிவரும். ஆர்41இல் ஃபெதர் என்பது அனுபவசாலிகளின் வீம்பு. அந்த ரேசரை வைத்திருப்பவர் அஸ்ட்ராவோடு நிறுத்திக்கொள்ளலாம். நடுத்தர ரேசரில் செவன் ஓ கிளாக், அஸ்ட்ரா இரண்டுமே கவலையில்லாத தேர்வு. தாடி மெலிது, தோலும் சட்டென்று சிவந்துவிடும் என்றால் டிஇ89 போன்ற சாது ரேசரும் டெர்பியும் போதும். தாடி அடர்த்தி, தோல் மட்டும் மென்மை என்றால்தான் சிக்கல். அங்கே பலர் மென்மையான பிளேடு பக்கம் போய் எரிச்சலைக் கூட்டிக்கொள்கிறார்கள். கூரான பிளேடைப் போட்டு, எதிர்த்திசையில் இழுப்பதைக் கைவிட்டு, முடி சாயும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை என்று நிறுத்திக்கொள்வதே அவர்களுக்குச் சரியான வழி.

சோதிக்கும்போது ரேசர், க்ரீம், பிளேடு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள்; எது காரணம் என்றே தெரியாமல் போகும். பிளேடை மட்டும் மாற்றுங்கள். முதல் சவரத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பல பிளேடுகள் இரண்டாவது சவரத்தில்தான் அடங்கி வருகின்றன. தீர்ப்புச் சொல்ல நல்ல நடுவர் படிகாரக் கல். கழுவிய முகத்தில் ஈரக் கல்லைத் தேய்த்தால், அதிகமாக வழித்த இடமெல்லாம் சுரீரென்று எரியும். எரிச்சல் முகம் முழுக்கப் பரவினால் பிளேடைச் சந்தேகிக்கலாம். தாடையின் ஓரிடத்தில் மட்டும் என்றால் அது கோணத்தின் கோளாறு.

ஒரு பிளேடு எத்தனை சவரத்துக்கு வரும்? மூன்று முதல் ஐந்து என்பது பலரின் அனுபவம். எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடி எப்படி எஃகை மழுக்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் தன் முகத்தையே மழித்து, பிளேடை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். விளிம்பு தேய்ந்து மட்டும் மழுங்கவில்லை. நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்திருந்தது. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளைந்து கொடுக்கும் முடி ஒரு கோணத்தில் மோதும்போது சில்லு தெறிக்கிறது. ஆகவே விலை கூடிய பிளேடு என்பதற்காக அதைப் பத்து சவரத்துக்கு இழுக்க நினைப்பதில் பொருளில்லை. எந்த பிளேடானாலும் இழுக்கத் தொடங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். பிளேடு மலிவாக இருப்பதன் உண்மையான லாபம் அங்கேதான் கிடைக்கிறது. விளிம்பைத் துணியால் துடைப்பதும் வேண்டாம், பூச்சு போய்விடும். தண்ணீரில் அலசி உதறினால் போதும்.

கார்ட்ரிட்ஜ் சந்தேகமில்லாமல் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: விமானப் பயணம். தனி பிளேடைக் கைப்பையில் கொண்டுபோகப் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள். பெட்டியை ஒப்படைக்காமல் கைப்பையோடு மட்டும் போகிறவர்கள் ரேசரை எடுத்துக்கொண்டு பிளேடைப் போய்ச்சேரும் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாள் வேலைக்கு அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் ஒரு கார்ட்ரிட்ஜைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.