கொழிஞ்சாம்பாறை சீரியல் இயக்கப் பயிற்சி: காசுக்குத் தகுமா?

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் தமிழிலேயே நடக்கும் வார இறுதி வகுப்பு இது. சினிமாக் கனவோடு போனால் ஏமாற்றம்தான். சீரியல் தளத்தில் உதவி இயக்குநராகச் சேர நினைப்பவருக்குப் பயன்.

உருப்படியான பாடம் ஷாட் பிரிப்பு, அதாவது ஒரு காட்சியை எந்தெந்தக் கோணங்களில் துண்டு துண்டாக எடுப்பது என்பது. நான்கு பேர் பேசும் கூடத்துக் காட்சிக்கு முதலில் மாஸ்டர் (எல்லோரும் தெரியும் முழுக்காட்சி), பிறகு ஒரு பக்கத்து சஜஷன் (ஒருவர் தோளுக்குப் பின்னிருந்து மற்றவரைக் காட்டுவது), குளோஸ் (முகம் மட்டும்), ரியாக்‌ஷன் (கேட்பவர் முகபாவம்) எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எதிர்ப்பக்கம் திரும்பச் சொல்கிறார்கள். மாறி மாறி எடுத்தால் ஒவ்வொரு முறையும் லைட்டை மாற்ற வேண்டும். அரை நாள் போய்விடும். பேசும் இருவரையும் இணைத்துக் கற்பனையாகப் போடும் 180 டிகிரி கோட்டைக் கேமரா தாண்டினால் மாமியாரும் மருமகளும் ஒரே திசையைப் பார்த்துச் சண்டை போடுவதைப் பயிற்சிக் காட்சியிலேயே போட்டுக் காட்டுகிறார்கள். சிரிப்பு வந்தாலும் மனதில் நிற்கும்.

கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் பார்ப்பது) வகுப்பும் நன்று. ஒரே வீட்டில் நடக்கும் பல எபிசோடுக் காட்சிகளைச் சேர்த்து எடுப்பதால், புடவை, பொட்டு, டம்ளர் எந்தக் கையில் என்பதைக் காட்சி எண்ணோடு போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

பிராம்ப்டிங் (நடிகருக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது) பாடம்தான் அரைகுறை. உதவியாளர் குரல் நடிகர் குரல்மேல் ஏறினால் அந்த ஒலி உதவாது, டப்பிங்தான் கதி. தளத்திலேயே குரலைப் பதியும் லைவ் சவுண்டில் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லவே இல்லை.

'முடித்ததும் இயக்குநர்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். உதவி, இணை, எபிசோட் இயக்குநர் என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். முழுநேரப் படிப்பு வேண்டும் பட்டதாரிகள் பூனா திரைப்படக் கல்லூரியின் ஓராண்டு டிவி இயக்கப் படிப்பையும் விசாரிக்கலாம்.