யூரேல் பாஸ் ஏஜென்ட் மூலம் எடுப்பவர்கள் கவனிக்க: ரிசர்வேஷன் பணம் வாங்கிவிட்டு டைம்டேபிள் கொடுக்கிறார்கள்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஐரோப்பா கிளம்பப் போகிறவர்கள், அதிலும் டிராவல் ஏஜென்ட் மூலம் யூரேல் பாஸ் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் ரயில்களில் ஒரே பாஸில் போய்வரலாம்) எடுத்தவர்கள், அவர் கொடுத்த காகிதங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு எடுத்துக் கொடுத்த சென்னை ஏஜென்ட் பாஸுக்குத் தனியாகவும் சீட் ரிசர்வேஷனுக்குத் தனியாகவும் பணம் வாங்கினார். பாஸ் ஒழுங்காகத்தான் வந்தது. ரிசர்வேஷன் என்ற பெயரில் வந்தது வெறும் டைம்டேபிள்.

பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மேலே ஏஜென்சி லோகோ, நடுவில் ரயில் எண், பாரிஸ், நீஸ், புறப்படும் நேரம், சேரும் நேரம், அதற்குக் கீழே எங்கள் எல்லோருடைய பெயரும், ஓரத்தில் பச்சை எழுத்தில் 'கன்ஃபர்ம்டு' வேறு. கோச் எண் இல்லை, சீட் எண் இல்லை, பார்கோடும் இல்லை. "பாஸ் இருந்தா எந்த ரயில்லயும் ஏறிக்கலாம் சார், சீட்டெல்லாம் போட்டாச்சு" என்று போனில் அவ்வளவு தெம்பாகச் சொன்னார் மனிதர்.

பாரிஸ் கார் து லியோன் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயிலுக்குப் போகும் வழியில் கதவு வைத்திருக்கிறார்கள், பார்கோடைக் காட்டினால்தான் திறக்கும். அங்கே நின்ற பெண் ஊழியர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ரிசர்வேஷனே இல்லை, கவுண்டருக்குப் போங்கள் என்றார். கவுண்டரில் பெரிய வரிசை. எங்கள் முறை வந்தபோது அந்த ரயிலில் பாஸ்காரர்களுக்கான சீட் தீர்ந்துபோயிருந்தது. நீஸில் ஹோட்டலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, மாமியாருக்கோ முழங்கால் வலி, வேறு வழியில்லாமல் அடுத்த ரயிலுக்கு ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல் கொடுத்து முழு டிக்கெட் எடுத்தோம், கையில் செல்லுபடியாகும் பாஸை வைத்துக்கொண்டே.

விஷயம் இதுதான். பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டும், சீட் வேறு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றில் பாஸைக் காட்டி நேராக ஏறி உட்காரலாம். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன் போகும் யூரோஸ்டார், இரவு ரயில்கள், இவற்றுக்கெல்லாம் ரிசர்வேஷன் கட்டாயம். பிரான்சுக்குள் டிஜிவிக்கு 10 அல்லது 20 யூரோ, யூரோஸ்டாருக்கு 30 யூரோவை ஒட்டி. இவற்றில் பலவற்றில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் சீட்டுகள் கொஞ்சம்தான், ஜூலை ஆகஸ்டில் சீக்கிரமே போய்விடும். இத்தாலியில் இத்தாலோ, பிரான்சில் உய்கோ ரயில்களில் இந்தப் பாஸே செல்லாது, அதற்கும் ஒருத்தர் 'கன்ஃபர்ம்டு' என்று காகிதம் நீட்டினால் வாங்காதீர்கள்.

ஊருக்கு வந்து ஏஜென்டிடம் கேட்டால், "அங்க ரூல் மாத்திட்டாங்க சார்" என்கிறார். எந்த ரூலும் மாறவில்லை, கட்டாய ரிசர்வேஷன் பல வருடமாக இருப்பது. சரி, ரிசர்வேஷனுக்கு வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள் என்றால் அது 'சர்வீஸ் சார்ஜ்' ஆகிவிட்டது!

நம்மூர் டிக்கெட்டில் பிஎன்ஆர், பெட்டி, பெர்த் பார்க்கிற மாதிரியே இதிலும் புக்கிங் எண், கோச், சீட் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரிசர்வேஷன் ஆகவில்லை. யூரேல் தளத்தில் நாமே போடலாம், பெரும்பாலும் ஆளுக்கு ஒரு ரயிலுக்கு 2 யூரோ கூடுதலாகப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். பிரான்ஸ் நிலையக் கவுண்டரிலும் கிடைக்கும், ஆனால் பயண நாளன்று போய் நிற்காதீர்கள். அப்புறம் இன்னொன்று, மொபைல் பாஸை ஏஜென்ட் தன் போனில் ஏற்றி முன்கூட்டியே ஆக்டிவேட் செய்து வைக்க விடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் அது இருக்கும், பயணத் தேதி தொடங்கிவிட்டால் பணமும் திரும்பாது. எங்களுக்கு அதையும் அவரே செய்து வைத்திருந்தார், விமானம் ஏறுவதற்கு முதல் நாள் இரவு வரை கெஞ்சித்தான் பாஸை எங்கள் போனுக்கு மாற்ற முடிந்தது.

பணம் கட்டிய வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடல், அந்தப் பச்சை எழுத்துக் காகிதம் எல்லாவற்றையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே மாதிரி காகிதம் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் அவர் எழுதியதையும் அழிக்காதீர்கள்.