அவனோஸா, அப்புத்தளையா, ரத்தோட்டையா?

மண் வனைவதில் கொஞ்சம் கை பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: ஒரு மாதம் மலையும் பாறையும் சூழ்ந்த ஓரிடத்தில் தங்கி, சக்கரத்தையும் சூளையையும் தவிர வேறெதையும் நினைக்காமல் இருக்க வேண்டும். ‘ரெசிடென்சி’ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு இப்படி ஆசைப்படுவது வேடிக்கைதான். யன்னலைத் திறந்தாலே பாறை தெரிகிறது. ஆனாலும் விசாரிக்கிற பலரும் முதலில் சொல்லும் பெயர் துருக்கியின் கப்படோக்கியா. எனவே அங்குள்ள அவனோஸையும், நம் பக்கத்து அப்புத்தளை, ரத்தோட்டை இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். பாறை படத்தில் எப்படி விழுகிறது என்பதற்கு என்னிடம் புள்ளி கிடையாது. மண், ஈரம், சூளை, மெருகு (பாண்டத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) ஆகியவற்றுக்குத்தான் புள்ளி.

அவனோஸின் பலம் மறுக்க முடியாதது. கிசிலிர்மாக் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. அதன் செம்மண்தான் அங்குள்ள குயவர்களின் மூலதனம். அனத்தோலியாவின் பண்டைய ஹிட்டைட் மக்கள் காலத்திலிருந்து வரும் தொழில் என்று சொல்கிறார்கள். காலால் உதைத்துச் சுற்றும் சக்கரம் இன்னும் பட்டறைகளில் ஓடுகிறது. சுற்றியுள்ள கூம்புப் பாறைகள் எரிமலைச் சாம்பல் இறுகியவை. கத்தியால் சுரண்டும் அளவுக்கு மென்மையானவை. அதனால்தான் அந்த மக்கள் பாறையைக் குடைந்து வீடும் தேவாலயமும் செய்தார்கள். அருகிலுள்ள கொரேமே பகுதியை யுனெஸ்கோ 1985இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தொழில் ரத்தத்தில் ஊறிய ஒரு குயவரின் பக்கத்தில் அமர்ந்து அவர் கையைப் பார்ப்பது எந்தப் பாடநெறியிலும் கிடைக்காத படிப்பு. பெரிய சாடி வனையக் கற்க விரும்புகிறவர் தயங்காமல் அங்கே போகலாம். ஆனால் அவனோஸின் செம்மண் பாண்டம் குறைந்த சூட்டில் வேகும் வகை. உயர் சூட்டுக் கல்பாண்டம், மெருகுப் பரிசோதனை என்று கனவு காண்கிறவருக்கு அங்கே கிடைப்பது பாதிதான். விசா, விமானக் கட்டணம் பற்றிச் சொல்லவே வேண்டாம். திரும்பும்போது பெட்டியில் எத்தனை பாண்டம் உடையாமல் வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பனி பெய்யும் மாதங்களைத் தவிர்த்து, ஏப்ரல், மே அல்லது செப்டெம்பர், ஒக்டோபரில் போவது நல்லது.

இனி நம் பக்கம். கீழே சொல்லும் இரண்டும் நாமே வீடு எடுத்து, மேசை போட்டு, சூளைக்கு வழி பார்த்து ஒழுங்கு செய்துகொள்ளும் தங்கல்கள். யாரும் வரவேற்புக் கடிதம் அனுப்ப மாட்டார்கள்.

அப்புத்தளையின் காட்சிக்கு ஈடில்லை. மலைத்தொடர் தெற்கே சட்டென்று முறிந்து, சமவெளி காலடியில் விரிகிறது. சுமார் 1,430 மீட்டர் உயரம். இங்கே வனைகிறவரின் எசமான் காற்று. யூலை முதல் செப்டெம்பர் வரை, அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்தில் வீசும் வறண்ட காற்றுதான் அந்தப் பருவத்துத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. விலையும் அப்போது ஏறும். அதே காற்று ஈரக் கோப்பைக்குப் பகை. கோப்பையின் காது மெல்லியது, விரைவில் காய்கிறது, சுருங்குகிறது. உடல் இன்னும் ஈரமாக இருக்கிறது. காது உடலோடு சேரும் மேல் மூட்டில் முடி அளவு கீறல் விழும். பச்சையாக இருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. சூளையிலிருந்து எடுத்தால் காது தனியே வரும். ஈரச் சாக்கும் பொலித்தீனும் இல்லாமல் அந்த மாதங்களில் அங்கே வேலை செய்ய முடியாது. ஒக்டோபருக்குப் பின் கதை தலைகீழ். மழையும் மூடுபனியும் சேர்ந்து, பலகையில் வைத்த கிண்ணம் நாட்கணக்கில் பாதி உலர்ந்த தோல் பதத்திலேயே நிற்கும்.

சூளைக்கும் உயரம் தடை. அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. வாயுச் சூளையின் பர்னரைத் திருத்தாமல் மூட்டினால் சுவாலை புகைந்து, சூடு ஏறாமல் வாயு மட்டும் தீரும். விறகுச் சூளை என்றால் புகைபோக்கி உயரமாக வேண்டும்.

தேயிலை மலையின் சிவந்த மண் கண்ணுக்கு அழகு. அடுப்பு மெழுகலாம், சுவர் பூசலாம். தனியே சக்கரத்தில் ஏற்றினால் விளிம்பு பிய்ந்துவிடும். வயல் களிமண் கலந்தால் சரிவரும். ஆனால் சரிவில் மண் வெட்ட யாரும் நினைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வீடு எடுக்கும் முன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தை மண்சரிவு அபாயப் பகுதியாகக் குறித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ரத்தோட்டையை இவ்வளவு பேர் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் மிளகுக் கொடியும் சாதிக்காய் மரமுமாக வழி போகிறது. தலைக்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் பாறைகள். ரிவர்ஸ்டன் வழியாக இலுக்கும்புர இறங்கும் வீதியில், ஒரு வளைவில் மூடுபனிக் காடு, அடுத்த சில வளைவுகளில் புல்வெளி. இந்த மலைத்தொடரும் சேர்ந்த மத்திய உயர்நிலம் 2010இல் உலக மரபுரிமையானது.

எனக்கு முக்கியம் அடிவாரம்; மெருகுக்கு வேண்டிய கனிமங்கள் அங்கேதான். மாத்தளை வட்டாரத்தில் ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது, ஓவலவில் வெட்டியெடுக்கிறார்கள். குவார்ட்ஸ் இருக்கிறது. மாத்தளையிலும் கண்டிப் பக்கத்துத் திகனையிலும் டொலமைட் இருக்கிறது. மாத்தளையில் நொரிடேக் பீங்கான் தொழிற்சாலை இயங்குகிறது. ஒரு துண்டு ஃபெல்ட்ஸ்பாரை உடைத்துப் பாருங்கள்: தட்டையான முகங்களாகப் பிளந்து, திருப்பும்போது ஒரு முகம் மட்டும் பளிச்சென்று மின்னும். குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது; போத்தல் கண்ணாடிபோல் வளைவாக உடையும். இரண்டையும் கையில் வைத்துப் பிரித்தறிந்தவருக்கு மெருகு என்பது கடையில் வாங்கும் டப்பா அல்ல.

ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் பெயரோடு வழங்கும் பழைய மெருகுக் கணக்கு ஒன்று உண்டு: 40 பங்கு ஃபெல்ட்ஸ்பார், 30 குவார்ட்ஸ், 20 சுண்ணக்கல் தூள், 10 கயோலின் (வெண்களிமண்), சுமார் 1,280 பாகை செல்சியஸில் உருகும். இதில் 70 பங்கு மாத்தளைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. கயோலின் பொரலஸ்கமுவவிலிருந்தோ மீட்டியாகொடவிலிருந்தோ வர வேண்டும். சுண்ணக்கல்லுக்கு யாழ்ப்பாணக் கல் இருக்கிறது. அதற்குப் பதில் திகனை டொலமைட்டைப் போட்டால் மக்னீசியம் சேர்ந்து, பளபளப்புக் குறைந்து பட்டுப்போன்ற மேற்பரப்பு வரும். இதோடு கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைச் செடிக் கிளைகள்) எரித்த சாம்பலையும் சலித்துச் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு மாதத்தை இந்தக் கலவைகளுக்கே கொடுத்தாலும் போதாது.

குறைகளும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. மூலப்பொருளைத் தூளாக வாங்குவதே முறை. கல்லை நீங்களே அரைப்பதாக இருந்தால் நீர் விட்டு அரையுங்கள், முகக்கவசம் போடுங்கள்; குவார்ட்ஸ் தூசி நுரையீரலை விட்டுப் போகாது. இரத்தம் குடிக்கும் அட்டைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். கூட்டாளிகளும் குறைவு. அவனோஸில் தெருவுக்குத் தெரு ஒரு குயவர் இருப்பார், இங்கே நீங்களும் உங்கள் சக்கரமும்தான். இதற்கு ஒரு மாற்று வழி, கண்டி–கொழும்பு வீதியில் கேகாலையை அடுத்த மொலகொட. வீதியோரம் பானைகள் தொங்குவதை பஸ்ஸில் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே சில நாள் உட்கார்ந்து, களிமண்ணை எப்படித் தெரிந்தெடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மலை ஏறுவது நல்லது. சிங்களம் கொஞ்சம் பேச வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாத்தளை நகரம் சுமார் 360 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சூளையை அந்த மட்டத்தில் வைத்துக்கொண்டால் அப்புத்தளையின் அடர்த்தி குறைந்த காற்றால் வரும் தொல்லை கிடையாது. மின்சூளை என்றால் வாடகை பேசும்போதே த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வாயு என்றால் 37.5 கிலோ சிலிண்டர் வீட்டு வாசல்வரை வருமா, படிக்கட்டில் தூக்க வேண்டுமா என்று பாருங்கள்.

என் வரிசை இதுதான்: மெருகு கற்க ரத்தோட்டை, கைத்திறன் கற்க அவனோஸ். அப்புத்தளைக்கு வரைபுத்தகத்தோடு ஒரு வாரம் போனால் போதும். ரத்தோட்டைக்கு வடகீழ் மழை ஓய்ந்த பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் தோதான காலம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேரும் அதை ஒட்டியே வரும். அந்த நாட்களில் நகரில் அறை கிடைப்பது கடினம் என்பதால், அறையை முன்கூட்டியே பேசி வையுங்கள்.