கோர்ட்டா, கலெக்டர் அலுவலகமா? சுருக்கெழுத்து முடித்த நெல்லைப் பிள்ளைகளுக்கு

குரூப் 4 தேர்வில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிக்குத் தேறி, கலந்தாய்வுக்குச் சென்னை புறப்படும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீதித்துறையை எடுப்பதா, வருவாய்த் துறையை எடுப்பதா? சம்பளத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. எங்கே சேர்ந்தாலும் அடிப்படை ஊதியம் அதே 20,600 ரூபாயில்தான் தொடங்குகிறது. அன்றாட வேலை எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கை ஓடுகிறவர் என்றால் கோர்ட்டையே எடுங்கள் என்பேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். கோர்ட் சுருக்கெழுத்தர் என்றதும், சாட்சியின் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லையும் எடுப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் அப்படித்தான். அதற்கென்று தனி இயந்திரமே உண்டு. நம் முறை வேறு. வக்கீல் கேட்பார், சாட்சி சொல்வார், அதை நீதிபதி தொடர்நடையாக்கிச் சொல்லச் சொல்லத் தட்டச்சாகும். “எதிரியை எனக்குத் தெரியும். சம்பவத்தன்று நான் வீட்டில் இருந்தேன்” என்கிற மாதிரி. கோர்ட் வழக்கில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். தேவை என்று நீதிபதி நினைத்தால் கேள்வி பதிலாகவும் பதியலாம். பிறகு சாட்சிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். இந்த வேலை பெரும்பாலும் தட்டச்சரிடம் போய்விடும். சுருக்கெழுத்தரின் கைக்கு வேலை வருவது உத்தரவிலும் தீர்ப்பிலும்.

அந்த வேலையின் கனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவில் வழக்கில் வா.சா.1 என்றால் வாதி தரப்பு முதல் சாட்சி. வா.சா.ஆ.1 என்றால் வாதி தரப்பு முதல் சான்றாவணம். ஓர் எழுத்து விட்டுப்போனால் பத்திரம் மனிதனாகிவிடும். அதைவிடக் கவனம் வேண்டியது சொத்து விவரம். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் ஒரு நன்செய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, பரப்பு எல்லாம் வரிசையாக வரும். வடக்கு தெற்காகிவிட்டால், தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவில் கோர்ட் ஊழியரான அமீனா வயலில் போய் நிற்கும் நாளில் தகராறு எழும். எழுத்துப் பிழையைத் திருத்த சிவில் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவில் வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் மனு போட வேண்டும், வாய்தா வாங்க வேண்டும். பத்து வருடம் வழக்காடிய விவசாயிக்கு அந்த ஒரு வாய்தாவும் பாரம். அவர் கையில் போய்ச் சேரும் தாள் உங்கள் விரல் வழியாக வந்தது. இந்தப் பொறுப்புக்காகவே கோர்ட்டை நான் மேலே வைக்கிறேன்.

கை மழுங்காமல் இருப்பது இன்னொரு காரணம். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழுக்குக் கொண்டுவந்தன. ஆனாலும் ஆங்கிலத் தீர்ப்புகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இரண்டு கைக்கும் வேலை உண்டு. மேல்முறையீடு என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் உங்கள் தட்டச்சை அங்கேயும் படிப்பார்கள்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக வேலை வேறு மாதிரி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், ஆய்வுக் கூட்டக் குறிப்புகள், செயல்முறை ஆணைகள், அரசுக்கு அறிக்கைகள். 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற நேரத்தில் இரவு பகல் பார்க்க முடியாது. மக்களை நேரில் பார்க்கிற இடம், மாவட்டம் முழுவதும் பழகிவிடும். துறைத் தேர்வுகளை எழுதி உதவியாளராக மாறி மேலே போகும் வழியும் அகலம். கோர்ட்டில் நீதிபதியின் நேர்முக உதவியாளர் பக்கம் போகும் ஏணி குறுகியது. பதவி உயர்வுதான் முதல் கணக்கு என்பவர் தயங்காமல் வருவாய்த் துறையை எடுக்கலாம். ஆனால் அங்கே வரைவுகள் கணினியில் நேரடியாகத் தயாராகின்றன. நிமிடத்துக்கு 120 சொல் எடுத்துப் பழகிய கை, பயன்பாடு இல்லாமல் சில வருடங்களில் மறந்துபோகும். அரும்பாடுபட்டுக் கற்ற வித்தை அது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாநகராட்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாமன்றக் கூட்டத்தில் விவாதம் எவ்வளவு நீண்டாலும் பதிவேட்டில் முக்கியமாக நிற்பது தீர்மானம்; சுருக்கெழுத்துக் கைக்கு அங்கே வேலை குறைவு.

இடமாறுதலில் பெரிய வித்தியாசம் கிடையாது. கோர்ட் என்றால் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் என்று போக வேண்டியிருக்கும்; வருவாய்த் துறையிலும் தாலுகா அலுவலகங்கள் உண்டு. மே மாதக் கோடை விடுமுறை சிவில் நீதிமன்றங்களுக்கு மட்டுமே. குற்றவியல் பக்கம் அமர்த்தினால் அதை எதிர்பார்க்காதீர்கள்.

குரலைக் கேட்டு எழுதும் மென்பொருள் வந்துவிட்டதே என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். உச்ச நீதிமன்றமே 2023இல் அரசியல் சாசன அமர்வின் வாதங்களை அப்படிப் பதியத் தொடங்கியது. ஆனாலும் நான்கெல்லையை வழக்குக் கட்டோடு ஒத்துப் பார்த்து, “ஐயா, பத்திரத்தில் கிழக்கு என்று இருக்கிறது” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கப் பழகுங்கள்.

கோர்ட்டை எடுக்கிறவர்கள் பணியில் சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் ஒரு திறந்த நீதிமன்றத்தில் போய் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். மின்னணு நீதிமன்றத் தளத்திலிருந்து தமிழ்த் தீர்ப்புகளை இறக்கி, வீட்டில் யாராவது வாசிக்க, 100 சொல் வேகத்தில் எடுத்துப் பாருங்கள். சொத்து விவரம் வரும் பக்கத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.