தேக்கு வேறு, ‘தேக்கு பினிஷ்’ வேறு

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட் எங்களுடையது. தரை இல்லை, பல்கனி மட்டும்தான். அந்தச் சுவரில் மரப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டி வல்லாரையும் பொன்னாங்காணியும் புதினாவும் வைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. போன வருடம் ஜூலையில் முகநூலில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அழகான படம். கீழே ‘தேக்கு பினிஷ் சுவர்த் தோட்டப் பெட்டிகள், அளவுக்குச் செய்து தரப்படும்’ என்று இருந்தது. ‘பினிஷ்’ என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. தேக்கு என்று மட்டும் மனசில் பதிந்துவிட்டது.

அளவெடுக்க வந்தவர் நம்மட பிள்ளைதான், முப்பது வயதிருக்கும். வாய் நிறைய அக்கா, அக்கா என்றுதான் பேச்சு. இரண்டடி நீளம், எட்டு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம், முக்கால் அங்குலப் பலகை. ஒன்று 9,000 ரூபா, ஆறு பெட்டி 54,000. முற்பணம் 30,000. சந்தேகப்படும் அளவுக்கு விலை மலிவாக இருக்கவில்லை. கெட்டித்தனமே அதில்தான். மலிவாகச் சொல்லியிருந்தால் நான் விசாரித்திருப்பேன்.

ஆகஸ்டில் பெட்டிகள் வந்தன. லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கூட வந்த பொடியன் கைக்கு ஒன்றாக இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி மூன்று மாடி ஏறினான். ‘பாரமில்லை, சுவருக்கு நல்லது’ என்று நானும் சந்தோஷப்பட்டேன். என் முட்டாள்தனத்தில் முதலிடம் இதற்குத்தான். அந்த அளவுப் பெட்டியை நல்ல தேக்கில் செய்தால் வெறும் பெட்டியே ஐந்து கிலோவுக்கு மேல் நிற்கும். எனக்கு வந்தது இரண்டரை கிலோ. குளியலறைத் தராசு வீட்டில்தான் இருந்தது, நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வெளிப்பக்கம் தேக்கு நிறம், அதன் மேல் வார்னிஷ், பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றும் பூசவில்லை, வெறும் பலகை. அடியில் ஓட்டையும் இல்லை. கேட்டேன். “ஓட்டை போட்டா தண்ணி ஒழுகி கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவினம் அக்கா” என்றார். நியாயமாகத்தான் பட்டது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

செப்டெம்பர் முழுக்கப் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பியதுதான் வேலை. ஒக்டோபர் மழை தொடங்கியதும் புதினா மஞ்சளித்தது. விரலை விட்டுப் பார்த்தால் அடி மண் சேறு. நானே ட்ரில் வாங்கி ஓட்டை போட்டு, கீழே தட்டு வைத்தேன். தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு. சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டால் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரை போகலாம். அதனால் தினமும் காலையில் ஆறு தட்டையும் கொட்டுவது என் வேலையானது. தோட்டம் வைத்தேனா, தொட்டில் ஆட்டினேனா தெரியவில்லை.

நவம்பரில் ஒரு நாள் விடியப்புறம் மூன்று மணிக்குப் பல்கனியில் தொம்மென்று ஒரு சத்தம். மேல் வரிசைப் பெட்டியின் அடிப்பலகை கழன்று, மண்ணெல்லாம் கீழே. ஈரமண் இருபது கிலோவுக்குக் குறையாது. பகலில் அந்த இடத்தில்தான் சின்னவள் சைக்கிள் விடுவாள். அதை நினைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

விடிந்ததும் பலகையை எடுத்துப் பார்த்தேன். பெருவிரலால் அழுத்தினால் தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது. ஸ்குரூ எல்லாம் ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்குரூ. கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து பாதிக்கு மேல் துரு. மழை படாத ஓரத்துப் பெட்டியில் குண்டூசி முனை அளவு துளைகள், கீழே அரிசிமா போல் தூள். அது உளுத்துக்கொண்டிருந்தது. அதாவது நனைந்தது உக்கியது, நனையாதது உளுத்தது.

தெஹிவளையில் ஒரு வயதான தச்சு பாஸ் இருக்கிறார், மாமி வீட்டுக் கதவு நிலையெல்லாம் அவர் கை. ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீவுளியால் இரண்டு தரம் இழுத்தார். பிரவுண் நிறம் சுருளாகக் கழன்று விழுந்தது, அடியில் வெள்ளை மரம். மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “மேக தேக்க நெமெயி, நோனா. அல்பீசியா” என்றார் சிங்களத்தில். இது தேக்கு இல்லையாம், அல்பீசியாவாம். சரக்குப் பெட்டியடிக்கும் மரம். தேக்கைச் சீவினால் ஒருவித எண்ணெய்வாடை வரும், தொட்டாலும் கொஞ்சம் பிசுபிசுக்கும் என்று ஒரு தேக்குத் துண்டையும் சீவிக் காட்டினார். இன்னொன்றும் சொன்னார்: உண்மைத் தேக்கிலும் உள்ளே இருக்கும் வைரம்தான் தண்ணீரைத் தாங்கும். இளமரத்தின் வெள்ளைப் பகுதி மண்ணோடு கிடந்தால் உக்கிவிடும், தேக்கு என்ற பெயர் அதைக் காப்பாற்றாது.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். கோபப்படவே இல்லை. “அக்கா, நான் தேக்கு எண்டு சொல்லேல்லையே. பில்லைப் பாருங்கோ, தேக்கு பினிஷ் எண்டுதானே போட்டிருக்கு.” பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. என்ன மரம் என்று எங்கேயும் இல்லை. அப்புறம் ஒரு யோசனையும் தந்தார்: மிச்சப் பெட்டிகளுக்கு உள்ளே பழைய எஞ்சின் ஒயில் பூசட்டாம், பத்து வருசம் நிற்குமாம். அதில் வளரும் வல்லாரையை நான் சம்பல் போட்டுச் சாப்பிட வேண்டும்!

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் எடுத்தேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆகவே காசு கொடுக்கும் முன் பில்லில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள், ‘தேக்கு மரம்’ என்று. நிறம், பினிஷ், டைப், லுக் என்று எது ஒட்டிக்கொண்டு வந்தாலும் வெட்டிவிடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். வாங்கும்போது பெட்டியைக் கவிழ்த்து, பூசாத இடத்தில் பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். தச்சுவேலைக்குப் பேர்போன மொறட்டுவையில் நேரே போய்ப் பலகையைப் பார்த்துத் தெரிந்து, கண் முன்னே அறுக்கச் சொல்லலாம். நல்ல பாஸ்மார் அதற்குக் கோபிக்க மாட்டார்கள். சாப்பிடும் கீரை வைப்பதானால் கறையானுக்கு என்ன மருந்து அடித்தது என்பதையும் கேளுங்கள், ‘நல்ல மருந்து’ என்பது ஒரு பெயரல்ல.

இப்போது தெஹிவளை பாஸ் முதலில் இரண்டு பெட்டி செய்து தந்திருக்கிறார். அடியில் நாலு ஓட்டை, துருப்பிடிக்காத ஸ்குரூ, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே காற்றுப் போக ஒரு அங்குலம் இடைவெளி. மண்ணை நேரே கொட்ட விடவில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் தும்புத்தூள் கலந்து வைத்து, தொட்டியைப் பெட்டிக்குள் இறக்கச் சொன்னார். மிச்சத்துக்குக் காசு சேர வேண்டும்.

பழைய பெட்டிகளை விற்றவர் மார்ச்சில் 6,000 ரூபா திருப்பித் தருவதாக வட்ஸ்அப்பில் எழுதினார். மாதம் ஒருமுறை கேட்கிறேன். இரண்டு நீலச் சரி விழுகிறது, அவ்வளவுதான்.